வளைபாதையும் நேர்பாதையும்: பினாங்கில் சரக்கு ஏறி இறங்கிய கதை

பினாங்கு துறைமுகத்தின் முதல் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பெரிய கப்பல்கள் தீவின் கரையைத் தொட்டதில்லை. 1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய முனைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் உள்ள நீரிணை ஆழமானது, காற்றுக்கு ஒதுக்கமானதும்கூட. ஆனால் தீவின் நகரமான ஜார்ஜ்டவுனின் கரையோரம் முழுக்கச் சேறு. வற்றத்தின்போது அந்தச் சேறு வெளியே தெரியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 2 மீட்டருக்கு மேல் மாறும் நாட்களும் உண்டு. ஆகவே கப்பல்கள் நடுநீரில் நங்கூரம் போட்டு நின்றன. தொங்கான் எனும் சரக்குப் படகுகள் அவற்றின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு சரக்கை வாங்கி வந்தன.

1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ எழுந்தது. அப்போதைய ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயர் அதற்கு. கிடங்குகள் வரிசையாக வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவெட்டன்ஹாம் துறையும் கட்டப்பட்டு, சில கப்பல்களாவது நேரடியாக அணையும் வசதி கிடைத்தது. மற்றவை எல்லாம் பழையபடி நடுநீரில்தான். 1907இல் கரையோரமாக மணிக்கூண்டோடு ஒரு ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. அதற்குத் தண்டவாளமே கிடையாது. ரயில் எதிர்க்கரையில், பிறையில் நின்றது. பயணி இங்கே சீட்டு வாங்கிக்கொண்டு படகேற வேண்டும். தண்டவாளமில்லாத ரயில் நிலையமும் பெரும்பாலான கப்பல்கள் அணையாத துறைமுகமுமாக ஓர் ஊர் செழித்ததென்றால், நடுவில் இருந்த இடைவெளியை யாரோ நிரப்பிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

நிரப்பியவர்கள் பெரும்பாலும் தமிழர்களும் சீனர்களும். சீனப் படகோட்டிகள் குலம் குலமாக, வெல்ட் கீயை ஒட்டிக் கடலுக்குள் மரக்கால் நட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். சியூ, லிம், டான், லீ, இயோ என்று அந்தக் குலத் துறைகள் இன்றும் நிற்கின்றன. தமிழர்கள் கரைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். ராமநாதபுரம், நாகூர், காரைக்கால், கடையநல்லூர், தென்காசி எனப் பல பக்கங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் சூலியா தெருவைச் சுற்றி ஊன்றியிருந்தார்கள். 1801 வாக்கில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், அதற்குச் சற்றுப் பின்னர் வந்த நாகூர் தர்காவும் அங்கேதான். அருகிலேயே, குயின் தெருவில் 1833இல் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. இவை எல்லாமே துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரம். காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராதவனுக்கு அன்றைக்கு வேலையில்லை என்ற நிலையில், வேறெங்கே குடியிருப்பது?

ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கிட்டங்கி எனப்பட்ட கூட்டுத் தங்குமிடத்தில் தங்கினார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய், பொதுச் சமையல். பகல் வேலைக்காரன் எழுந்த இடத்தில் இரவு வேலைக்காரன் படுப்பான். ஊருக்கு அனுப்பும் பணமும் கடிதமும் அங்கிருந்தே போகும். கிட்டங்கிக்கு வெளியே அவர்களை இணைத்தது வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரியின் பெயர்ப்பட்டியல்.

இனி வேலையைப் பார்ப்போம். தொங்கானில் வந்த மூட்டை கரையேற வேண்டுமானால் பலகை போட வேண்டும். ஏற்றத்தின்போது பலகை ஏறக்குறையக் கிடையாக இருக்கும். வற்றத்தின்போது அதே பலகை செங்குத்தாக நிமிர்ந்துவிடும். ரங்கூன் அரிசி மூட்டை 100 கிலோ வரை இருந்த காலம் அது. இருவர் தூக்கிவிட, ஒருவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டு, பலகை எழும்பித் தாழும் தாளத்துக்குத் தக்கபடி காலடி வைத்து ஏறுவான். தாளம் தப்பினால் பலகை எதிர்த்து உதைக்கும். ஒருவன் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967இல்தான். அதற்குள் பினாங்கில் மூன்று தலைமுறைத் தோள்கள் தேய்ந்துவிட்டன.

கப்பலுக்குள் கதை வேறு. அங்கே தூக்கியது டெரிக். பாய்மரக் கம்பத்தின் அடியில் கீல் வைத்துப் பொருத்திய ஒரு நீண்ட கை. அதன் நுனியில் கப்பி, கப்பி வழியே கம்பி, கம்பியின் மறுமுனை அதைச் சுருட்டி இழுக்கும் நீராவி விஞ்சில். ஒரு கீலில் நிற்கும் எந்தக் கையானாலும் அதன் நுனி வட்டத்தின் ஒரு துண்டைத்தான் வரையும், நேர்க்கோடு வரையாது. சரக்கறையின் வாய்க்கு மேல் நின்ற கையைப் பக்கவாட்டுக் கயிறுகளால் இழுத்துத் தொங்கானுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். கப்பல் சற்றே சாய்ந்திருந்தாலும் கை தானாக ஓடப் பார்க்கும். தொங்கும் சுமையும் அதோடு ஊசலாடும்.

இந்த ஆட்டத்தைத் தவிர்க்க மாலுமிகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒரு கைக்குப் பதில் இரண்டு. ஒன்றைச் சரக்கறை வாய்க்கு நேர் மேலே கட்டி நிறுத்திவிடு. இன்னொன்றைக் கப்பலுக்கு வெளியே, தொங்கானுக்கு மேலே கட்டி நிறுத்து. இரண்டின் கம்பிகளையும் ஒரே கொக்கியில் மாட்டு. முதல் விஞ்ச் இழுத்தால் சுமை அறையிலிருந்து எழும். விளிம்பைத் தாண்டும் உயரம் வந்ததும் இரண்டாவது விஞ்ச் இழுக்கும், முதலாவது விட்டுக்கொடுக்கும். சுமை குறுக்கே நகர்ந்து தொங்கானுக்கு மேல் வந்ததும் இரண்டாவது விஞ்ச் மட்டும் இறக்கும். கைகள் அசையவே அசையாது; சுமை மட்டும் ஒரு மேடேறி இறங்குவதுபோல வளைந்து போகும்.

பார்க்க எளிது. உண்மையில் இரண்டு விஞ்ச்காரர்களுக்கு நடுவில் இருக்கும் புரிதல்தான் அங்கே முழு இயந்திரமும். இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான கோணம் 120 பாகையைத் தொட்டால் ஒவ்வொரு கம்பியும் முழுச் சுமையையும் தாங்க ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் சுமையைவிட அதிக இழுவை. ஆகவே 5 டன் தூக்கக்கூடிய கை, இந்த ஜோடி முறையில் பாதிக்கும் குறைவாகவே தூக்க அனுமதிக்கப்பட்டது. வாய் விளிம்பில் நின்று கையசைக்கும் ஆளின் கண்ணில்தான் கீழே இருப்பவர்களின் உயிர். இந்திய மாலுமிகள் வேலை செய்த கப்பல்களில் 'ஹாபேஸ்' என்றால் ஏற்று, 'ஆரியா' என்றால் இறக்கு. வாய் ஓயாமல் இந்த இரண்டும்தான்.

இங்கே சற்று விலகிப் போக வேண்டியிருக்கிறது. கீலில் சுழலும் கையை வைத்துக்கொண்டு சுமையை நேராக நகர்த்துவது எப்படி என்பது பழைய கேள்வி. கிணற்று ஏற்றத்தைப் பாருங்கள்: மேலே துலாவின் நுனி வளைந்துதான் போகிறது, ஆனால் தொங்கும் கழி அந்த வளைவை விழுங்கிக்கொள்வதால் சால் நேராக இறங்குகிறது. நீராவி இயந்திரத்தில் தொங்கவிட முடியாது, தள்ளவும் வேண்டும். லைட் பினாங்கில் இறங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1784இல், ஜேம்ஸ் வாட் சில தண்டுகளை ஊசிகளால் இணைத்து, வளைந்து ஆடும் கையின் ஒரு புள்ளியைக் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் ஓட வைத்தார். தன் கண்டுபிடிப்புகளிலேயே இதைப் பற்றித்தான் தனக்கு அதிகப் பெருமை என்று முதுமையில் அவரே சொன்னார். 1914இல் பிரிட்டனின் பாத் நகரில் இருந்த ஸ்டதர்ட் அண்ட் பிட் நிறுவனத்தின் கிளாட் டாப்லிஸ், கிரேனின் கையை ஏற்றி இறக்கும்போது கொக்கி மட்டும் அதே மட்டத்தில் நகரும்படி ஓர் அமைப்பைச் செய்தார். பேரரசின் துறைமுகங்கள் பலவற்றுக்கு அந்த நிறுவனத்தின் கிரேன்கள் போயின.

பினாங்கின் நடுநீரில் அப்படிப்பட்ட கிரேனை எங்கே வைப்பது? அதற்குத் தளம் வேண்டும், தண்டவாளம் வேண்டும், ஆழப்படுத்திய கரை வேண்டும். டெரிக்குக்கு இது எதுவும் வேண்டாம். வளைவு எங்கே போய் முடிகிறதோ அங்கே தொங்கானை நகர்த்தி நிறுத்தினால் போதும். வளைபாதையின் குறையை மனிதர்கள் ஈடுகட்டினார்கள். முதலாளிக்கு முதல் மிச்சம். பினாங்கு நெடுநாள் தொங்கானோடு இருந்ததைப் பின்தங்கல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூலி மலிவாக இருந்த வரை அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு என்பதே சரியாக இருக்கும்.

அந்தத் துறைமுகத்தில் வந்து போன சரக்கைச் சொன்னால் ஊரின் குணம் தெரியும். வெளியே போனவை ஈயம், ரப்பர், கொப்பரை, மிளகு. உள்ளே வந்தவை அரிசி, துணி, வெங்காயம், ஆடு, மனிதர்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய் வந்தது. மேல்தளப் பயணிகள் ஆயிரக்கணக்கில். மலேசியத் தமிழர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் அதில் வந்தவர்கள்தான். அப்படி வந்தவர்களில் சிலர் மறுநாளே அதே கப்பலின் சரக்கறையில் மூட்டை பிடிக்க நின்றிருக்கவும் கூடும்.

1956 ஜனவரி 1 அன்று பினாங்கு துறைமுக ஆணையம் பொறுப்பேற்றது. சிதறிக் கிடந்த படகுத்துறை, கிடங்கு, பிறை ரயில் துறை ஆகியவற்றை ஒரே கையில் கொண்டுவரும் முயற்சி. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று உலகின் மறுகோடியில், நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்கிலிருந்து ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 அலுமினியச் சரக்குப் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் யோசனை அது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன இடத்தில், பெட்டிகளில் ஏற்ற டன்னுக்கு 16 சென்ட்கூட ஆகவில்லை என்று கணக்குப் போட்டார்கள். மூன்று ஆண்டுகளில், 1959இல், கலிபோர்னியாவின் அலமேடாவில் பெட்டிகளுக்கென்றே வடிவமைத்த முதல் கரைக் கிரேன் நின்றது. சுமையோடு கீலில் சுழலும் கை அதில் இல்லை. சுமை நேராக மேலே போகும், நேராகக் குறுக்கே ஓடும், நேராகக் கீழே இறங்கும். அவ்வளவுதான்.

இந்த நேர்க்கோடு பினாங்குக்கு வர நாளானது. வந்தபோதும் தீவுக்கு வரவில்லை. 1960களின் பிற்பாதியில் எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ஆழ்நீர்த் துறைகள் தயாராயின. அங்கே கப்பலும் ரயிலும் சாலையும் ஒரே இடத்தில் சந்தித்தன, தொங்கானுக்கு இடமில்லை. 1969இல் தீவு தன் சுங்கவரி விலக்கையும் இழந்தது. இரண்டு அடிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழுந்தன. அதன் பிறகு 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்து, மின்னணு ஆலைகள் வந்து, ஊர் வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. ஆனால் மூட்டை தூக்கிய நாற்பது வயதுக்காரனை எந்தச் சில்லு ஆலையும் கூப்பிடவில்லை. அங்கே வேலை பெரும்பாலும் இளம் பெண்களுக்கு.

எண்ணிக்கையைப் பார்த்தால் துறைமுகத்துக்கும் அவன் ஏன் தேவைப்படவில்லை என்பது புரியும். டெரிக் காலத்தில் ஒரு சரக்கறைக்கு ஒரு கும்பல்: கீழே அடுக்குபவர்கள், விஞ்ச்காரர்கள், கையசைப்பவர், தொங்கானில் வாங்குபவர்கள், கணக்கெழுதும் கிராணி. அத்தனை பேரும் சேர்ந்து மணிக்குப் பத்துப் பதினைந்து டன் நகர்த்தினால் நல்ல நாள். கரைக் கிரேனில் ஒருவர் கண்ணாடித் தரை வழியே கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மணிக்கு இருபத்தைந்து பெட்டிகள், ஒவ்வொன்றும் 30 டன் வரை. பட்டர்வொர்த்தின் பெட்டி முனையம் இப்போது ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளுக்கு நிகரான சரக்கைக் கையாள்கிறது. துறைமுக வேலை தீவிலிருந்து நீரிணையைக் கடந்தபோது, அதைத் தொடர்ந்து போன தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாம் இன்றும் தமிழர்கள் திரளாக வாழும் இடம். சூலியா தெருவிலோ முதுகுப்பை மாட்டிய வெளிநாட்டுப் பயணிகளுக்கான விடுதிகள் வரிசையாக முளைத்தன. சுவெட்டன்ஹாம் துறையில் இப்போது உல்லாசக் கப்பல்கள் அணைகின்றன. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது.

பெரிய துறைமுகத்தில் நேர்க்கோடு வென்றுவிட்டது என்று இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் வளைபாதை வேறொரு சிறிய உடம்பில் பிழைத்துக்கொண்டது. 1957இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த லூயி, சிரில் கெல்லர் சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்காக ஒரு குட்டி வண்டி செய்தார்கள். அவருடைய கொட்டகை இரண்டு மாடி, நடுவில் தூண்கள். மேல்மாடிக்கு ஏற்றும் அளவுக்கு எடை குறைவாகவும், தூண்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே திரும்புவதாகவும் வண்டி இருக்க வேண்டும். மெல்ரோ நிறுவனம் அதை வாங்கி வளர்த்தது. 1960இல் நான்கு சக்கரமும் ஓட்டும் வடிவம் வந்தது, 1962இல் பாப்கேட் என்ற பெயரும். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் ஓட, மறுபக்கத்துச் சக்கரங்கள் நிற்க அல்லது பின்னோக்கிச் சுழல, வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்பும். சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் இன்று பாப்கேட் நிறுவனத்துக்கு ஆலை இருக்கிறது. எந்த நிறுவனம் செய்தாலும் தமிழ்நாட்டு வேலைத்தளங்களில் அந்த வகை வண்டிக்குப் பெயர் பாப்கேட்தான்.

பழைய கேள்வி அப்படியே இந்த வண்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வகையில் தூக்கும் கைகள் ஓட்டுநரின் முதுகுப் பக்கம் ஒரே ஊசியில் சுழல்கின்றன. வாளி வட்டத்தின் துண்டை வரைகிறது. பாதி உயரத்தில் வாளி வண்டியிலிருந்து மிகத் தள்ளிப் போகும். உச்சிக்குப் போனதும் உள்ளே வந்துவிடும். இன்னொரு வகையில் கைக்குப் பின்னால் மேலும் இரண்டு இணைப்புத் தண்டுகள் இருக்கின்றன. வாட் செய்த அதே வேலை. வாளி கிட்டத்தட்ட நேராக ஏறுகிறது. உச்சியிலும் முன்னால் நீட்டிக்கொண்டே இருக்கிறது.

வித்தியாசம் வெறும் அழகு சார்ந்ததல்ல. வாளி முன்சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு எளிதாக வண்டி மூக்குக் குப்புறக் கவிழும். சக்கர வண்டிகளுக்கு, கவிழ்க்கும் எடையில் பாதியைத்தான் வேலை எடையாக வைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கவிழ்ப்பு எடையை வாளி மிகத் தள்ளி இருக்கும் நிலையில் அளப்பார்கள். வளைபாதை வண்டிக்கு அந்த நிலை நடு உயரத்தில் வருகிறது. அதன் வேலை எடையை அதுவே குறைத்துவிடுகிறது. நேர்பாதை வண்டியில் அந்தத் தூரம் அவ்வளவாக அதிகரிக்காது என்பதால், அதே அளவு உடம்பால் அதிகம் தூக்க முடிகிறது. உயரமான லாரியின் மறுபக்கம் வரை கொட்டவும், பலகைத் தட்டில் அடுக்கிய சரக்கை உச்சியில் வைக்கவும் அதுதான் சௌகரியம். ஆனால் மண்ணைத் தோண்டவும், தரையைச் சமன் செய்யவும், குவியலுக்குள் வாளியைத் திணித்துப் பெயர்க்கவும் வளைபாதைக் கைதான் முரட்டுத்தனமாக உழைக்கும். இணைப்பு குறைவு, விலையும் குறைவு.

ஜார்ஜ்டவுனின் சந்துகளில் பழைய கடைவீடுகளைப் பழுது பார்க்கும்போது இடிபாட்டை அள்ள இப்படி ஒரு வண்டிதான் லாயக்கு. அஞ்சடி நடைபாதைக்கும் சாக்கடைக்கும் நடுவில் பெரிய இயந்திரம் நுழையாது. நீரிணைக்கு அந்தப் பக்கம், பிறையின் மொத்தச் சரக்கு முனையத்தில் நிலக்கரி, தானியம், உரம் போன்றவை பெட்டியில் அடைபடாமல் வருகின்றன. இந்த வகைச் சரக்கை இறக்கும் துறைமுகங்களில், கிரேனின் பெரிய அள்ளுவாய் நடுவில் இருப்பதை எடுத்துவிடும். சரக்கறை வாயின் விளிம்புக்கு அடியில், மூலைகளில் ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கு எட்டாது. முன்பெல்லாம் மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கினார்கள். இப்போது குட்டி வண்டியை நாலு பக்கமும் கயிறு மாட்டி, சரக்குபோலவே கொக்கியில் தூக்கிக் கப்பலின் அடியில் இறக்குகிறார்கள். மூலையில் இருப்பதைப் பெயர்த்து நடுவுக்குத் தள்ளுவதுதான் அங்கே வேலை, உயரமாகக் கொட்டுவதல்ல. அதற்கு வளைபாதை வண்டியே தாராளம். உப்புக் காற்றும் உரத்தூளும் படும் இடத்தில் இணைப்பு ஊசிகள் குறைவாக இருப்பது வண்டிக்காரருக்கு மிச்சம், வேலை முடிந்து கிரீஸ் அடிக்கிற பையனுக்கு அதைவிட மிச்சம்.